இரண்டாவது வாரத்தைத் திருப்பிக் கொடுங்கள்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம், நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஆகிய இரண்டின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நான் டிடி ஏரியாக்காரன். திருச்சி, தஞ்சாவூர் விநியோகப் பகுதியை நம் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். இங்கே ஒரு சிறு நகரத்தில் ஒற்றைத் திரை தியேட்டர் ஒன்றை லீஸுக்கு எடுத்து நடத்துகிறேன். ஊர்ப் பெயரும் தியேட்டர் பெயரும் வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை எனக்குப் படம் கொடுக்கப் போகிறவர் இதைப் படித்துவிட்டுச் சங்கடப்படக் கூடாது.

தமிழ் சினிமா படுத்துவிட்டதா, இல்லை புது உருவம் எடுக்கிறதா என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். உங்கள் பேச்சிலேயே இரண்டும் இருக்கிறது. பாடல் வெளியீட்டு விழா மேடையில் ஏறினால் தமிழ் சினிமா உலக அளவுக்குப் போய்விட்டது. கோட்டைக்கு மனு கொண்டுபோகும்போது அதே சினிமா சாகக் கிடக்கிறது. ரெண்டில் எது உண்மை என்று என் கவுன்டரில் வந்து கேட்டால் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பெரிய படம் வந்தால் வெள்ளி, சனி, ஞாயிறு பிரமாதம். திங்கட்கிழமை காலைக் காட்சிக்கு ஏசி போடுவதா வேண்டாமா என்று ஆப்பரேட்டர் வந்து கேட்கிறார்.

உங்களுக்குத் தெரியாத கணக்கு இல்லை. ஆனால் இது திறந்த மடல், ரசிகர்களும் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய நடிகரின் படம் என்றால் முதல் வாரம் வரி போக நிற்பதில் விநியோகஸ்தருக்கு எழுபது, எழுபத்தைந்து சதவீதம். அதற்கு மேல் கேட்ட படங்களும் உண்டு. அடுத்த வாரம் அவர் பங்கு இறங்கும், அதற்கடுத்த வாரம் இன்னும் இறங்கும். ஆக, தியேட்டர்காரன் கையில் நாலு காசு நிற்பது இரண்டாவது வாரத்திலிருந்துதான். முதல் வாரத்தில் எங்களுக்கு மிச்சம் கேன்டீனும் வண்டி ஸ்டாண்டும். பாப்கார்ன் ஏன் இந்த விலை என்று திட்டுகிறவர்களுக்குப் பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவது வாரம் என்று ஒன்று இல்லாமல் போனால் தியேட்டர் என்பது மூன்று நாள் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக் கொடுக்கிற வேலையாகிவிடும். கிட்டத்தட்ட ஆகிவிட்டது.

பழைய பெருமை பேசப் போவதில்லை. 'ஹரிதாஸ்' 1944இல் வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது, 'சந்திரமுகி' 2005இல் வந்து சாந்தி தியேட்டரில் எண்ணூறு நாளைத் தாண்டியது என்பதெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். இன்று அந்தச் சாந்தி தியேட்டரே இல்லை. பெரம்பூர் ஸ்ரீ பிருந்தா இல்லை, அசோக் நகர் உதயம் இல்லை, மதுரையில் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் எப்போதோ போய்விட்டது. அந்தக் காலத்தில் எண்ணிச் சில பிரிண்ட்தான் போடுவார்கள். படம் ஊர் ஊராக மெதுவாக வரும், அதனால் நாள் கணக்கில் ஓடியது. இப்போது மாநிலத்தில் இருக்கிற திரைகளில் பெரும்பாலானவற்றில் ஒரே காலையில் ஒரே படம். எல்லோரும் மூன்று நாளில் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் ஏற்பாடு. வெள்ளிவிழா கேட்கிற ஆள் நான் இல்லை. பிடித்த படத்துக்கு இன்னும் இரண்டு, மூன்று வாரம் மூச்சு விட இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆள் வருவதில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2024இன் முதல் சில மாதங்களை நினைத்துப் பாருங்கள். பொங்கல் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளும்படி ஒரு தமிழ்ப் படம் இல்லை. பிப்ரவரி 22 அன்று 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தது. மலையாளப் படம், தமிழில் டப் கூடச் செய்யாமல் அப்படியே வந்தது. கொடைக்கானல் குகையும், 'குணா'வில் நாம் கேட்டுச் சலிக்காத அந்தப் பாட்டும் இருந்ததால் ஜனங்கள் அதைத் தங்கள் படமாகவே எடுத்துக்கொண்டார்கள். கிளைமாக்ஸில் பாட்டு வரும்போது எழுந்து நின்று கை தட்டினார்கள். எங்கள் ஊரில் மலையாளப் படத்துக்கு அதற்கு முன் ஒரு காட்சி ஓட்டுவதே பெரிய விஷயம். அது ஓய்ந்த கொஞ்ச நாளில், ஏப்ரலில், இருபது வருடத்துக்கு முந்தைய 'கில்லி' திரும்ப வந்தது. டிவியில் நூறு தடவை போட்ட படம், வசனம் முழுக்க எல்லோருக்கும் தெரியும், அதற்கும் ஹவுஸ்ஃபுல். வடபழனி கமலாவில் 49 ரூபாய் டிக்கெட்டில் பழைய படங்களைப் போட்டபோது கல்லூரிப் பிள்ளைகள் குவிந்தார்கள். ஆள் இருக்கிறார்கள், ஐயா. அவர்கள் வெளியே வரத் தயாராக இருந்த நாட்களில் நம்மிடம் சரக்கு இல்லை, அவ்வளவுதான்.

'மஞ்ஞும்மல் பாய்ஸ்' ஓடிடியில் எப்போது வந்தது தெரியுமா? மே 5. பத்து வாரம் கழித்து. அதே சமயத்தில் இங்கே ஓடிய 'பிரேமலு' ஒன்பது வாரம் கழித்துத்தான் வந்தது. இப்போது நம் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்ததே அந்தக் கணக்குதான்.

2024 ஜூலைக் கடைசியில் நீங்கள், தியேட்டர் உரிமையாளர்கள், விநியோகஸ்தர்கள் எல்லோரும் கூடித் தீர்மானம் போட்டீர்கள். முன்னணி நடிகர்களின் படங்கள் தியேட்டருக்கு வந்து எட்டு வாரம் கழித்துத்தான் ஓடிடிக்குப் போக வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆகஸ்ட் 16 முதல் புதுப் படங்களைத் தொடங்குவதில்லை, நவம்பர் 1 முதல் எல்லாப் படப்பிடிப்பையும் நிறுத்துவது என்பது இன்னொன்று. பத்திரிகையில் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்துத் தியேட்டர்காரர் போன் செய்து, "பொழச்சோம்டா" என்றார். அடுத்து நடந்ததைத் தேதியோடு சொல்கிறேன். 'கோட்' செப்டம்பர் 5 வெளியீடு, அக்டோபர் 3 ஓடிடி. 'வேட்டையன்' அக்டோபர் 10, நவம்பர் 8. 'கங்குவா' நவம்பர் 14, டிசம்பர் 8. முதல் இரண்டுக்கும் நான்கு வாரம், மூன்றாவதற்கு அது கூட முழுதாக இல்லை. 2025இல் 'தக் லைஃப்' எட்டு வாரம் கழித்துத்தான் ஓடிடி என்று மேடையிலேயே அறிவித்தார்கள், எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஜூன் 5 அன்று வந்த படம் ஜூலை 3 அன்று வீட்டுக்குள் வந்துவிட்டது. 'கூலி' ஆகஸ்ட் 14, செப்டம்பர் 11. தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட பேனாவின் மை காய்வதற்குள் என்று எழுதலாம்தான். எனக்குக் கோபம் அந்த அளவுக்கு இல்லை. ஏன் இப்படி ஆகிறது என்று எனக்கும் தெரியும்.

படம் தொடங்கும்போதே பட்ஜெட்டில் பாதிக்கு மேல் ஹீரோ சம்பளம். அந்தப் பணம் கடன். கடனுக்கு மாதா மாதம் வட்டி. அதை அடைக்க ஓடிடி, சாட்டிலைட், வெளிநாடு, ஆடியோ என்று ஒவ்வொன்றாக முன்கூட்டி விற்கிறீர்கள். ஓடிடிக்காரர் நான்கு வாரத்துக்கு ஒரு விலை, எட்டு வாரத்துக்கு ஒரு விலை சொல்கிறார். அந்த வித்தியாசத்தில் பல கோடி நிற்கிறது. வட்டி கட்டுகிறவன் எதை எடுப்பான் என்று கேட்கவே வேண்டாம். கொரோனா காலத்தில் ஓடிடி நிறுவனங்கள் கேட்ட விலை கொடுத்து வாங்கிக் குவித்தன. அந்த விலையை வைத்துச் சம்பளம் ஏறியது. இப்போது அவர்கள் கையைச் சுருக்கிக்கொண்டார்கள், சம்பளம் மட்டும் இறங்கவில்லை. நம் படம் எந்த வெள்ளிக்கிழமை வர வேண்டும் என்பதைக்கூட அவர்கள் காலண்டரைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம் என்று உங்களில் சிலரே பேட்டியில் சொன்னீர்கள். தீபாவளிக்குப் படம் வருமா என்று கேட்கிற ரசிகனுக்கு இது தெரியாது. அவன் பாட்டுக்கு டிரெய்லர் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நான்கு வாரம் என்றால் என்ன நடக்கிறது என்பதைச் சென்னையில் இருந்து பார்த்தால் தெரியாது. எங்கள் ஊரில் குடும்பத்தோடு படம் பார்க்கிறவர்கள் முதல் வாரம் வர மாட்டார்கள். கூட்டம் அடங்கட்டும், யாராவது பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்லட்டும், சம்பளம் வரட்டும் என்று காத்திருப்பார்கள். இந்தக் காத்திருப்பு இன்று நேற்று வந்ததில்லை. தாய்மார்கள் கூட்டம் மூன்றாவது வாரம்தான் வரும் என்று பழைய மேனேஜர்கள் சொல்வார்கள். இப்போது அதே ஆட்கள் மூன்றாவது வாரத்தில் போனை எடுத்துப் பார்க்கிறார்கள், இன்னும் பத்து நாளில் வந்துவிடும் என்று போட்டிருக்கிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பம் டிக்கெட், பஸ், இடைவேளைச் சாப்பாடு என்று செலவு செய்வதற்குப் பதில் பத்து நாள் பொறுத்துக்கொள்கிறது. நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

வடக்கிலும் இதே கதைதான். அங்கே உள்ள பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் எட்டு வாரம் இல்லையென்றால் படத்தைப் போடுவதில்லை என்று நிற்கின்றன. 'லியோ', 'கோட்' இரண்டின் இந்திப் பதிப்புகளும் அதனால்தான் அந்தத் திரைகளுக்குப் போகவில்லை. பான் இந்தியா என்று போஸ்டரில் போட்டுக்கொண்டு, இந்தியாவின் பாதிக் கதவை நாமே சாத்திக்கொள்கிறோம்.

எட்டு வாரம் எல்லாப் படத்துக்கும் சரிவராது என்று நினைத்தால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஆறு வாரம் என்று வையுங்கள். ஓடாத படத்துக்கு நான்கு வாரம் என்று வையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஓடாத படத்தை எட்டு வாரம் பூட்டி வைத்து யாருக்கு லாபம்? ஆனால் ஓடுகிற படத்துக்கு ஓடிடி தேதி தள்ளிப் போகும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். 2024 செப்டம்பர் 20 அன்று 'லப்பர் பந்து' வந்தது. முதல் நாள் பாதிக் கூட்டம். அப்புறம் ஒருவர் சொல்லி ஒருவர் வந்து ஏறிக்கொண்டே போனது. தீபாவளி வரைக்கும், அக்டோபர் 31 வரைக்கும் ஓடிடிக்கு வரவில்லை. கிட்டத்தட்ட ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் எனக்கு நின்ற பணம், அந்த வருடம் நான் போட்ட எந்தப் பெரிய படத்திலும் நிற்கவில்லை. இது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

தமிழ் சினிமா மாறிக்கொண்டுதான் இருக்கிறது என்று நான் நம்புவது இந்த மாதிரிப் படங்களைப் பார்த்துத்தான். 2025 மே 1 அன்று 'ரெட்ரோ'வும் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் ஒரே நாளில் வந்தன. இரண்டாவது படத்துக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு காட்சி, அதுவும் விநியோகஸ்தரின் ஆள் கெஞ்சிக் கேட்டதால். இலங்கையிலிருந்து தப்பி வந்த ஒரு தமிழ்க் குடும்பம் சென்னையில் ஒரு தெருவோடு ஒட்டிக்கொள்கிற கதை. இயக்குநர் இருபதுகளில் இருக்கும் அறிமுகப் பையன். அடுத்த வாரம் நான்கு காட்சியும் அதற்குத்தான். அந்த வருட ஜனவரியில் 'குடும்பஸ்தன்' வந்தது. அதன் இயக்குநரும் கூட்டாளிகளும் கோவையில் இருந்துகொண்டு நக்கலைட்ஸ் என்ற பெயரில் யூடியூபில் குறும்படம், நகைச்சுவை எடுத்தவர்கள். பிப்ரவரியில் 'டிராகன்', அதன் நாயகன் பிரதீப் ரங்கநாதனும் குறும்படத்திலிருந்து வந்தவர்தான். 2010க்குப் பிறகு ஒரு தலைமுறை கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சி வழியாக உள்ளே வந்ததே, கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி என்று, அது மாதிரி இன்னொரு அலை இப்போது வந்துகொண்டிருக்கிறது. இவர்களை யாரும் பெரிய சம்பளத்தில் கூட்டி வரவில்லை. கதவு கொஞ்சம் திறந்திருந்தது, நுழைந்துவிட்டார்கள்.

இந்த வரிசையில் 'மதகஜராஜா'வைச் சேர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 2013 பொங்கலுக்கு வர வேண்டிய படம், கடன் பிரச்சினையில் பெட்டிக்குள் கிடந்து 2025 பொங்கலுக்கு வந்தது. அதில் நடித்த மனோபாலா இறந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் வருகிற அந்தக் காட்சியில் தியேட்டர் குலுங்கிச் சிரித்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய காமெடியில் ஒரு சிஜி இல்லை, ஒரு பிரமாண்டம் இல்லை. நம் ஆட்களுக்கு என்ன பிடிக்கும் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் ஆராயலாம்.

அதே 'மதகஜராஜா' இன்னொரு விஷயத்தையும் காட்டுகிறது. பன்னிரண்டு வருடம் அந்தப் படத்தைப் பூட்டி வைத்தது ரசிகர்களோ யூடியூபர்களோ இல்லை. கடன். இப்போதும் பல படங்களுக்கு இதே கதிதான். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காட்சி. ஹார்ட் டிஸ்க் வந்துவிட்டது, படமும் சர்வரில் ஏறிவிட்டது, அதைத் திறக்கிற டிஜிட்டல் சாவியான கேடிஎம் மட்டும் வரவில்லை. லேபிலோ கோர்ட்டிலோ யாரோ தடையில்லாச் சான்று (என்ஓசி) கொடுக்க வேண்டும், பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பார்கள். வெளியே ரசிகர் மன்றத்துப் பையன்கள் கேட்டை ஆட்டுகிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல நிற்பது டிக்கெட் கிழிக்கிற ஆள். 2025 மார்ச் 27 அன்று 'வீர தீர சூரன்' காலைக் காட்சிகள் டெல்லி உயர் நீதிமன்றத் தடையால் நின்று, சாயந்திரம்தான் படம் வந்தது. பெரிய படம் என்பதால் ஊருக்குத் தெரிந்தது. சின்னப் படங்களுக்கு இது வாரா வாரம் நடக்கிறது, செய்தியாவதில்லை. 2017 நவம்பரில் கடன் நெருக்கடியில் ஓர் இணைத் தயாரிப்பாளர் உயிரையே மாய்த்துக்கொண்டார். அன்று கந்துவட்டிக்கு எதிராக எல்லோரும் பேசினோம். வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்னதாகவே கடன் பாக்கி தீர்ந்த சான்றைச் சங்கத்தில் கொடுத்தால்தான் தேதி என்று ஒரு விதி போட உங்களால் முடியாதா? தேதி கொடுக்கிற அதிகாரம் உங்களிடம்தானே இருக்கிறது.

விமர்சனம் பற்றி. 2024 நவம்பரில், 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' மூன்றையும் குறிப்பிட்டு, தியேட்டர் வளாகத்தில் யூடியூபர்களை விடாதீர்கள் என்று எங்களுக்கு அறிக்கை விட்டீர்கள். அடுத்த மாதம் முதல் மூன்று நாள் விமர்சனத்துக்கே தடை கேட்டு உயர் நீதிமன்றம் போனீர்கள்; நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சரி, வளாகத்துக்குள் மைக் நீட்டுவது எனக்கும் தொந்தரவுதான். வெளியே வருகிறவரை வழிமறித்து ஆபாசமாகப் பேசவைத்துக் காசு பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதே மைக்குக்காரர் 'டூரிஸ்ட் ஃபேமிலி' பார்த்துவிட்டு அழுதுகொண்டே வந்தவர்களையும் படம் பிடித்தார். அந்த வீடியோதான் எனக்கு இரண்டாவது வாரக் கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. மூன்று நாள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று கேட்டால், மூன்று நாளைக்கு மேல் படம் தாங்காது என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிறது. இன்னொன்று. வெளியான பிறகு படத்தை வெட்டிக் குறைப்பது வாடிக்கையாகிவிட்டது. 'இந்தியன் 2'வில் செய்தார்கள், 'கங்குவா'வில் செய்தார்கள், நல்ல படமான 'மெய்யழக'னில் கூடப் பதினெட்டு நிமிடம் எடுத்தார்கள். முதல் நாள் முழு விலை கொடுத்து வந்தவன்தான் எடிட்டிங்குக்கு உதவியாளரா?

டிக்கெட் விலைக்கு வருகிறேன். இதில் என் ஜாதிக்காரர்களான தியேட்டர் உரிமையாளர்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் விலைக்கு அரசு உச்சவரம்பு இருக்கிறது, மற்ற மாநிலங்களை விடக் குறைவுதான் என்று நாம் சொல்வது காகிதத்தில் உண்மை. முதல் நாள் என்ன விலைக்கு விற்கிறது என்பது ஊருக்கே தெரியும். எம்.ஜி., அதாவது வசூல் வந்தாலும் வராவிட்டாலும் முன்கூட்டியே உறுதி செய்கிற தொகை, கட்டி எடுத்த படத்தை வேறு எப்படி எடுக்க முடியும் என்று தியேட்டர்காரர் கேட்பார், அந்த எம்.ஜி.யை ஏற்றியவர் நீங்கள் என்று விநியோகஸ்தர் சொல்வார், ஹீரோவைப் போய்க் கேளுங்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். கடைசியில் ஐந்நூறு ரூபாய் கொடுத்தவன் ஒரு கல்லூரி மாணவன். அவன் அதே மாதத்தில் இன்னொரு படத்துக்கு வருவானா? 8 சதவீதமாக இருந்த உள்ளாட்சிக் கேளிக்கை வரியை அரசு 2025இல் 4 ஆகக் குறைத்தது. செப்டம்பரில் 100 ரூபாய்க்கு உட்பட்ட டிக்கெட்டின் ஜிஎஸ்டி 12இலிருந்து 5 ஆனது. நாம் பல வருடமாகக் கேட்டது கிடைத்தது. கிடைத்ததில் எத்தனை ரூபாயைப் பார்க்க வருகிறவனுக்குக் கொடுத்தோம்? திங்கள் முதல் வியாழன் வரை பாதி விலை என்று ஒரு மூன்று மாதம் செய்துபார்க்க எங்கள் பக்கத்தில் பலர் தயார். விநியோகஸ்தர் ஒப்புக்கொள்ள வேண்டும், அவருக்கு நீங்கள் சொல்ல வேண்டும். காலி நாற்காலியில் எழுபத்தைந்து சதவீதம் எடுத்தாலும் பூஜ்யம்தானே.

அதிகாலைக் காட்சி போனதில் எனக்கு வருத்தமே இல்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். 2023 பொங்கலுக்கு நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தில் கோயம்பேட்டில் லாரி மேல் ஆடிய ஒரு பையன் விழுந்து இறந்தான். அதற்குப் பிறகு அரசு ஒன்பது மணிக்கு முன்னால் அனுமதிப்பதில்லை. உங்களில் சிலர் அதைத் திரும்பக் கேட்கிறீர்கள். வேண்டாம். முதல் நாளின் முதல் மணி நேரத்துக்கு இன்னும் எவ்வளவு பாரத்தை ஏற்றுவது?

கடைசியாகக் கணக்கு வழக்கு. 2018இல் மார்ச் 1 முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை புதுப் படம் எதையும் வெளியிடாமல் நீங்கள் வேலைநிறுத்தம் செய்தீர்கள். படத்தை டிஜிட்டலில் திரையிட டிஜிட்டல் நிறுவனங்கள் வாங்கும் விபிஎஃப் கட்டணத்துக்கு எதிராகத் தொடங்கியது, முடிவில் இன்னும் பல விஷயங்கள் பேசப்பட்டன. தமிழ்நாடு முழுக்க எல்லாத் தியேட்டரிலும் கணினி டிக்கெட் என்பதும், படத்தின் பட்ஜெட் அளவைப் பொறுத்து டிக்கெட் விலை என்பதும் அப்போதே உங்கள் கோரிக்கையில் இருந்தன. அந்த நாட்களில் எனக்கு ஒரு ரூபாய் வருமானம் கிடையாது, ஆனாலும் கோரிக்கை நியாயம் என்றே நினைத்தேன். வருடங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் ஒரு படம் உண்மையில் எவ்வளவு வசூலித்தது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாளே நூறு கோடி என்று போஸ்டர் ஒட்டுகிறோம், அதைப் பார்த்து ஹீரோ அடுத்த படத்துக்குச் சம்பளத்தை ஏற்றுகிறார், ஏறிய சம்பளத்துக்குக் கடன் வாங்குகிறீர்கள், கடனுக்காக நான்கு வாரத்தில் விற்கிறீர்கள். நம் போஸ்டரே நமக்கு வட்டி போட்டுக்கொண்டிருக்கிறது. வசூல் உண்மையாக வெளியே தெரிந்தால், சம்பளத்தைக் குறையுங்கள் என்று யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. லாபத்தில் பங்கு என்று பேசலாம். விஜய் கட்சி தொடங்கி, நடிப்பை விடுகிறேன் என்று அறிவித்த பிறகு முதல் நாள் கூட்டத்தை இழுக்க மிச்சம் எத்தனை பேர் என்று விரலில் எண்ணிவிடலாம். இந்தப் பேச்சை இப்போது தொடங்கவில்லையென்றால் அப்புறம் பேச ஆள் இருக்காது.

எங்கள் பகுதியில் தினசரி வசூல் அறிக்கையை, அதாவது டிசிஆரை, ஒளிவு மறைவில்லாமல் கொடுக்கத் தயாராக உள்ள தியேட்டர்காரர்கள் சிலர் இருக்கிறோம். சங்கம் ஒரு கடிதம் அனுப்பினால் போதும், அன்றன்று இரவுக் காட்சி முடிந்ததும் அனுப்பிவிடுகிறோம். அதை வைத்து எந்தப் படம் எந்த வாரத்தில் எவ்வளவு சம்பாதித்தது என்று நீங்களே பாருங்கள், ஓடிடி தேதியை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம். அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துக்கொண்டால் பொங்கல் படங்களிலிருந்தே ஆரம்பிக்க முடியும்.

இப்படிக்கு,
டிடி ஏரியா தியேட்டர்காரன்